கியாக்தா என்னும் வாணிகப் பதி

ஊர்கள் வாழும் வகை பல. ஆற்றினால் வாழ்வன சில. கோயிலினால் வாழ்வன சில. அரசன் தங்கியதால் வாழ்ந்து அவன் பெயர்ந்ததும் வாடியன சில. ஒரு தடையினால் வாழ்ந்த ஊரும் உண்டோ எனின், உண்டு. ருஷ்ய நாட்டின் எல்லையிலே, பைக்கால் ஏரிக்குத் தெற்கே, மங்கோலியாவை நோக்கி நிற்கும் கியாக்தா என்னும் சிறு நகரம் அத்தகையது. ‘இவ்வழியன்றி வேறு வழியில்லை’ என்று இரண்டு பேரரசுகள் வகுத்த விதி ஒன்றே அதனை நூறாண்டுகளுக்கு மேல் வளர்த்தது. அவ்விதி தளர்ந்தபோது அதன் செல்வமும் தளர்ந்தது. நான் அவ்வூரைக் கண்டவனல்லேன். பூகோளப் படத்தை விரித்தால் பெரிய எழுத்துப் பெயர்களை விடுத்துச் சிறிய எழுத்துப் பெயர்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு இளமை முதல் உண்டு. அப்பழக்கமே என்னை அங்குக் கொண்டு சேர்த்தது. அதன் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபின் என்னால் எளிதில் விட முடியவில்லை.

ருஷ்யரும் சீனரும் சைபீரிய எல்லையில் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டது பதினேழாம் நூற்றாண்டில். 1689-ம் ஆண்டில் நெர்ச்சின்ஸ்க் என்னுமிடத்தில் முதல் உடன்படிக்கை ஆயிற்று. எனினும் மங்கோலியப் பகுதியின் எல்லை தெளிவுபடவில்லை. அதனை வரையறுக்க ருஷ்ய அரசு அனுப்பிய தூதர் சவ்வா விளாதிஸ்லாவிச் என்பவர். பிறப்பால் அவர் ருஷ்யரல்லர், பால்கன் நாட்டுச் செர்பியர், தொழிலால் வணிகர், மகா பீட்டரின் நம்பிக்கைக்குரியவர். கவிஞர் புஷ்கினுடைய பாட்டனாரின் தந்தையான ஆபிரிக்கச் சிறுவனைக் கான்ஸ்டாண்டிநோப்பிளிலிருந்து பீட்டரிடம் சேர்ப்பித்ததிலும் இவருக்குப் பங்குண்டு என்பது ஒரு சுவையான செய்தி. இவர் பெருமுயற்சியால் 1727-ம் ஆண்டில் கியாக்தா உடன்படிக்கை எழுந்தது. ருஷ்ய அரசின் வாணிகக் கூட்டம் மூன்று ஆண்டுக்கொருமுறை, இருநூறு பேருக்கு மேற்படாமல், பீக்கிங் சென்று வரலாம். ஏனை வணிகரெல்லாம் எல்லையிற் குறித்த இடத்திலேயே கொண்டும் கொடுத்தும் திரும்பவேண்டும் என்பது அதன் சாரம்.

அவ்விடம் கியாக்தா என்னும் சிற்றோடையின் கரை. பிற ஆறுகளெல்லாம் சீனர் நிலத்தினின்று ருஷ்ய நிலத்துக்குப் பாய, இவ்வோடை மட்டும் ருஷ்யாவில் தோன்றித் தெற்கே பாய்ந்தமையால், தண்ணீரைப் பகைவர் கெடுக்க இயலாதென்று கருதியே சவ்வா இதனைத் தேர்ந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ அன்றோ, ஓடையோ மிகச் சிறியது. தண்ணீர்க் குறை வணிகரை நெடுங்காலம் வருத்தியது. நல்ல ஆறும் வளமான வயலும் நோக்கி அமைந்த ஊரன்று இது; மணலும் மொட்டைக் குன்றுமே அதன் சுற்றம். ஓடைக்குச் சற்று மேலே, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் வடக்கே, ஒரு கோட்டை எழுந்தது. திரியேகத்தின் பெயரையும் செர்பியப் புனிதர் சவ்வாவின் பெயரையும் இணைத்து அதற்குத் த்ரோயித்ஸ்கொசாவ்ஸ்க் என்று பெயரிட்டனர். நம் நாவிற்கு எளிதில் வாராத பெயர். ஆதலின் கோட்டையூர் என்றே குறிப்பேன். அதிகாரிகள் கோட்டையூரிலும் வணிகர் கீழே எல்லையோரக் கியாக்தாவிலும் வசித்தனர்.

கியாக்தாவின் எதிரே, கூப்பிடு தூரத்தில், சீனர் தம் பங்குக்கு ஓர் ஊர் அமைத்தனர். அதற்கு மைமைச்செங் என்று பெயர். வாங்கி விற்கும் ஊர் என்பது பொருள். பெரும்பாலும் ஷான்ஸி மாகாணத்து வணிகர் அங்குக் கடை வைத்திருந்தனர். மரவேலி சூழ்ந்து, ஒடுங்கிய தெருக்களோடு கூடிய அவ்வூரிற் பெண் ஒருத்தியும் இல்லை. எல்லைக்குப் பெண்டிரை அழைத்துவரச் சீன அரசு இடங்கொடுக்கவில்லை. குடும்பம் குடியேறினால் ஊர் வேரூன்றிவிடும் என்று அஞ்சியது போலும். வணிகர் ஆண்டுக்கணக்காக மனைவி மக்களைப் பிரிந்து அங்கே காலங்கழித்தனர். இரு பக்கத்து வாயில்களும் காலையில் திறக்கும், மாலையில் அடைபடும். பகலெல்லாம் ஒன்றாயிருந்தோர் பொழுது சாய்ந்ததும் தத்தம் நாடு திரும்பினர்.

இனி அவர்கள் வாணிகஞ் செய்த முறையைச் சொல்லவேண்டும். இவ்வூரின் இயல்பு முழுவதும் அதிலே அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. பொன்னும் வெள்ளியும் நாட்டைவிட்டுப் போதல் கூடாது என்பது ருஷ்ய அரசின் கட்டளை. ஆகவே பண்டத்துக்குப் பண்டமே கொடுக்கவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்குச் சென்றவர் விவரித்துள்ளபடி அது நடந்தவாறு இது: சீன வணிகன் முதலிற் கியாக்தாவுக்கு வருவான், ருஷ்யனுடைய பண்டசாலையிற் சரக்கைப் புரட்டிப் பார்ப்பான், பிறகு அவன் வீடு சென்று தேநீர் அருந்திக்கொண்டே விலை பேசுவான். விலை படிந்ததும் இருவரும் பண்டசாலைக்கு மீண்டு, சீனன் கண்ணெதிரே சரக்குக்கு முத்திரை வைப்பர். அதன்பின் இருவருமாக மைமைச்செங் செல்வர். அங்கே ருஷ்யன் தனக்கு வேண்டிய சரக்கைத் தேர்ந்து, நம்பிக்கையான ஆள் ஒருவனை அதனருகே நிறுத்திவிட்டு வருவான். தன் சரக்கு எல்லை கடந்தபின்னரே அந்த ஆள் சீனச் சரக்கோடு திரும்புவான். நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழிற் காசு என்பதும் நேர்மை என்பதும் ஆகிய இரு பொருளும் உண்டு. கியாக்தாவில் முதற் பொருளுக்கு இடமின்மையால் இரண்டாவதைக் கொண்டே காரியம் நடந்தது. அந்த நேர்மையும் முத்திரையின்றியும் காவலின்றியும் நடக்கவில்லை என்பதை மறைப்பானேன்!

காசு இல்லையெனினும் கணக்கு வேண்டுமன்றோ? முதலிற் சீனத்துப் பருத்தித் துணி கணக்கின் அலகாயிற்று. ஓரணில் தோல் இத்தனை துணி, ஒரு கம்பளி இத்தனை துணி என்றவாறு பேசினர். பின்னர்த் தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. 1800-ம் ஆண்டில் ருஷ்ய அரசு இவ்வாணிகத்துக்குத் தனி விதிகளே எழுதிற்று. வணிகர் தம்முட் பேசி விலையை முன்னரே வகுத்துக்கொள்ளவேண்டும். ஒருவன் மற்றொருவனுக்குக் குறைத்து விற்றல் கூடாது. கடனுக்குக் கொடுத்தல் கூடாது. எதிர்ப் பக்கத்தாரும் இவ்வாறே கூடிப்பேசி ஒரு முகமாய் நின்றனர். ஆகவே தனி மனிதர் இருவர் பேரம் பேசுவதுபோற் காணப்பட்டாலும், அடியிற் பேசியவை இரண்டு ஊர்களே.

எந்த மொழியிற் பேசினர் என்று கேட்கலாம். சீன அரசு தன் வணிகர் ருஷ்ய மொழி கற்கவேண்டுமென்றது. ருஷ்யர் சீனம் கற்றுத் தன் இரகசியங்களை அறிதலை அது விரும்பவில்லை. வணிகர் கையெழுத்துப் பிரதியாக எழுதிவைத்த சொற்பட்டிகளைக் கொண்டு ருஷ்யச் சொற்களை மனப்பாடம் செய்தனர். சொற்கள் வந்தன, இலக்கணம் வரவில்லை. வேற்றுமை உருபும் வினைவிகுதியும் நிரம்பிய ருஷ்ய மொழி, அவை அறியாத சீன நாவிலே புதியதோர் உருவெடுத்தது. வினைச்சொல் எல்லாம் ஏவலாயின. ‘நான்’ என்பதற்கு ‘எனது’ என்றும் ‘நீ’ என்பதற்கு ‘உனது’ என்றும் வழங்கினர். ‘மயா த்வயா நி பனிமாய்’ என்று ருஷ்யர் இன்றும் வேடிக்கையாகச் சொல்லும் தொடர் இக்கலப்பு மொழியின் எச்சம். சொல்லுக்குச் சொல் வைத்தால், ‘எனது உனது விளங்கு இல்லை’ என்று வரும். ருஷ்ய வணிகரும் இதனையே பேசக் கற்றனர். இலக்கண ஆசிரியர் காதைப் பொத்திக்கொள்ளத்தக்க இம்மொழியிலேதான் இரு பேரரசுகளின் செல்வம் கைமாறிற்று.

ருஷ்யர் தந்தவற்றுள் முதன்மையானது மென்மயிர்த் தோல். அணில், மரநாய் இனத்துச் சேபிள், இவற்றின் தோல்கள் சைபீரியக் காடுகளிலிருந்து வந்தன. 1741-ம் ஆண்டில் பேரிங்கின் கப்பல் அலாஸ்காக் கரையைக் கண்டு மீண்டபின், கடல் நீர்நாயின் தோல் கியாக்தாவுக்கு வரத் தொடங்கிற்று. சீனர் அதற்குக் கொடுத்த பெருவிலையே ருஷ்ய வேட்டைக்காரரைத் தீவு தீவாகக் கிழக்கே இழுத்துச் சென்றது. மணற்காட்டுச் சந்தையொன்றிற் சொல்லப்பட்ட விலையினால், கடலுக்கு அப்பாலிருந்த தீவுகளில் ஓருயிரினம் அழிவின் விளிம்பை எட்டிற்று. பிற்காலத்திற் கம்பளியும் ஆலைத் துணியும் தோல்களின் இடத்தைப் பெற்றன.

சீனர் தந்த பண்டங்களுள் ஒன்று நம் நாட்டு வைத்தியர்க்கும் பழக்கமான ரேவல்சின்னிக் கிழங்கு. பேதிக்கு அக்காலத்து ஐரோப்பாவிற் சிறந்த மருந்து இதுவே. புகாரா வணிகர் இதனைக் கொணர்ந்தனர். ருஷ்ய அரசு இதனைத் தன் தனியுரிமையாக்கி, கியாக்தாவில் ஒரு மருந்தாளரை அமர்த்தி, ஒவ்வொரு கிழங்கையும் சீவியும் துளைத்தும் சோதிக்கச் செய்தது. கழித்த கிழங்குகளை நெருப்பிலிட்டனர். 1782-ல் தனியுரிமை நீங்கியபின்னும் சோதனை நீடித்தது. ருஷ்யாவின் வழியே வந்த கிழங்கென்றால் இலண்டன் மருந்துக் கடைகளிலும் அதற்குத் தனி மதிப்பு இருந்தது.

இவ்வாணிகம் இடையறாது நடந்ததென்று எண்ணற்க. எல்லையில் யாரோ மாட்டைத் திருடினாலும், ஓர் அதிகாரி கடுஞ்சொல் எழுதினாலும் பீக்கிங் வாயிலை அடைத்துவிடும். 1762 முதல் 1768 வரை ஒருமுறை, 1785 முதல் 1792 வரை மற்றொருமுறை வாணிகம் நின்றது. பின்னையதற்குக் காரணம், எல்லை கடந்து சூறையாடிய சிலரைத் தண்டிக்கும் முறைபற்றி எழுந்த வழக்கு. ஒரு சிறு கூட்டத்தின் குற்றத்துக்காக ஓரூர் ஏழாண்டு வாளாவிருந்தது. சந்தை கூடும் ஊரிற் பிறந்தவன் நான். சந்தைக்கு மறுநாள் அவ்வெளி கிடக்கும் கிடையை அறிவேன். ஏழாண்டும் மறுநாளாகவே கழிந்த ஊரின் நிலையை நினைந்து பார்க்கிறேன். அப்பொழுது சைபீரியாவில் நாடுகடத்தப்பட்டிருந்த ராதிஷ்செவ் என்னும் அறிஞர் சீன வாணிகத்தைப்பற்றி நீண்டதொரு கடிதம் எழுதினார். இவ்வாணிகம் நின்றதனால் ருஷ்யா முழுமைக்கும் பெருங்கேடு ஒன்றும் விளையவில்லை என்பது அவர் முடிவு. பேரரசின் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். கியாக்தாவின் கணக்கு வேறு.

வாயில் மீண்டும் திறந்தபின் வந்தது தேயிலையின் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிற் சீனத்திலிருந்து கியாக்தாவுக்கு வந்த பண்டங்களிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தேயிலையே. கல்கானிலிருந்து ஒட்டகங்கள் கோபிப் பாலைவனத்தைக் கடந்து, உர்கா நகரின் வழியாக அதனைச் சுமந்துவந்தன. கியாக்தாவின் பண்டசாலையிற் பெட்டிகளைப் பச்சைத் தோலில், மயிர் உட்புறமாக அமையச் சுற்றித் தைப்பர். தோல் உலர்ந்து இறுகியபின் மழையும் பனியும் உட்புகா. இதற்கென்றே அங்குத் தொழிலாளர் கூட்டம் ஒன்று இருந்தது. பனிக்காலத்திற் சறுக்கு வண்டியும் கோடையிற் படகும் சக்கர வண்டியுமாக இர்குட்ஸ்க், தோம்ஸ்க், கஸான் வழியே பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து, நீழ்னி நோவ்கொரத் நகரின் பெருஞ்சந்தையை அது அடையும். மாதங்கள் பல ஆகும். ருஷ்ய நாட்டுத் தேநீர்ப் பிரியர், கடல் வழி வரும் தேயிலை உப்புக்காற்றில் மணம் கெடுமென்றும், தரை வழித் தேயிலையே தேயிலையென்றும் சாதித்தனர். இலையாகக் குடித்தோர் செல்வர். மங்கோலியரும் புர்யாத்தியரும் செங்கல்லைப்போல் அழுத்திய தேயிலைக் கட்டியை உடைத்துப் பாலும் உப்பும் சேர்த்துக் காய்ச்சினர். அக்கட்டியையே காசாகவும் வழங்கினர்.

சொற்களும் சரக்கோடு பிரயாணம் செய்கின்றன. வட சீனத்தில் ‘சா’ என்பதனைத் தரை வழியே பெற்ற ருஷ்யர் ‘சாய்’ என்கின்றனர். தென்கிழக்குச் சீனத் துறைமுகத்தில் ‘தே’ என்றதனைக் கடல் வழியே பெற்ற ஐரோப்பியரிடமிருந்து நாம் அதனை வாங்கி, நம் ‘இலை’யைச் சேர்த்துத் ‘தேயிலை’ என்கின்றோம். ஒரே செடிக்கு இரு பெயர். ஒன்று ஒட்டகத்தின் முதுகில் வந்தது, மற்றொன்று கப்பலில் வந்தது.

இத்தேயிலையால் கியாக்தாவின் வணிகர் அடைந்த செல்வம் பெரிது. கோடீசுவரரின் சேரி என்றும், மணல்மேல் எழுந்த வெனிஸ் என்றும் அதனை அழைத்தனர். 1830 முதல் 1838 வரை அவர்கள் எழுப்பிய உயிர்த்தெழுதற் கோயிலின் பலிபீட மறைப்பிற் படிகத் தூண்கள் நின்றன. அதன் கதவுகள் வெள்ளி. பயணிகள் பலர் இச்செல்வத்தைக் கண்டு வியந்து எழுதியதோடு நின்றுவிட்டனர். எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. ஒவ்வொரு தேயிலைப் பெட்டிக்கும் இவ்வளவு என்று வணிகர் தாமே ஒரு மகமை விதித்துப் பொதுப் பெட்டியிற் சேர்த்துவந்தனர். அதிகாரிகளுக்கு வைக்கும் கையுறையும் அப்பெட்டியிலிருந்தே சென்றது என்பது உண்மை. ஆயினும் பாதை வெட்டியதும் பள்ளி நடத்தியதும் அதிலிருந்துதான். 1830-களிற் சீனத்துறைப் பேரறிஞரான பிச்சூரின் என்னும் துறவி இங்கு வந்து சீன மொழிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். தாமே இலக்கணம் வகுத்துக் கற்பித்தார். 1862-ல் ‘கியாக்தின்ஸ்கி லிஸ்தோக்’ என்னும் செய்தித்தாள் இங்கே தோன்றிற்று. பைக்காலுக்கு அப்பாற்பட்ட நாட்டில் அதுவே முதற் செய்தித்தாள். சில மாதமே நடந்ததெனினும், சில நூறு பேரே வாழ்ந்த ஓர் எல்லைச் சேரி அதனைத் தொடங்கத் துணிந்ததே பெரிது.

இதற்கு வித்து எங்கிருந்து வந்தது? 1825-ம் ஆண்டு டிசம்பரில் ஜார் அரசனுக்கெதிராக எழுந்து தோற்ற உயர்குடி இளைஞர் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவருள் நிக்கலாய், மிகயீல் என்னும் பெஸ்தூஷெவ் சகோதரர் சிறைவாசம் முடிந்தபின் 1839-ல் செலெங்கின்ஸ்க் என்னும் அயலூரிற் குடியமர்ந்தனர். அவர்களிடம் கல்வி பயின்ற சிறுவன் ஒருவன் பின்னர்க் கியாக்தாவின் பெரு வணிகருள் ஒருவனானான். அவன் பெயர் அலெக்ஸேய் லுஷ்னிக்கொவ். அவன் இல்லம் ஆராய்ச்சியாளருக்கும் நாடுகடத்தப்பட்டோருக்கும் அடையா வாயிலாயிற்று. மங்கோலியாவையும் திபெத்தையும் நோக்கிச் சென்ற பிர்ஷெவால்ஸ்கி, போத்தானின், கோஸ்லொவ் முதலியோரின் பயணங்களுக்குக் கியாக்தா வாயிலாக இருந்தது. 1890-ல் ஊரார் ஒரு பொருட்காட்சிசாலை நிறுவினர். அரசனுக்கு எதிரிகளென்று தள்ளப்பட்டவரின் கல்வி, தேயிலைப் பணத்தோடு கலந்து இவ்வாறு பயன்பட்டது. ஓவியர் வசீலி கந்தின்ஸ்கியின் தந்தையும் கியாக்தாவிற் பிறந்த தேயிலை வணிகரே.

இனி வீழ்ச்சி. அது ஒரே நாளில் வந்ததன்று. 1850-களின் நடுவிலேயே வெள்ளியும் பொன்னும் கொடுத்து வாங்க அரசு இடங்கொடுத்தது, பண்டமாற்று நெகிழ்ந்தது. 1860-ம் ஆண்டுப் பீக்கிங் உடன்படிக்கையால் ருஷ்ய வணிகர் சீனத்துள்ளே சென்று வாணிகஞ் செய்ய வழி பிறந்தது. கியாக்தாவின் வணிகரே ஹாங்கௌ நகருக்குச் சென்று தேயிலைக் கட்டி செய்யும் ஆலைகள் வைத்தனர். எதிர்வீட்டுச் சீனனோடு தேநீர் அருந்தி விலை பேசவேண்டிய தேவை ஒழிந்தது. 1862-ல் அதுவரை தடுக்கப்பட்டிருந்த கடல்வழித் தேயிலை ருஷ்யாவின் மேற்கெல்லையிற் சட்டப்படி நுழைந்தது. 1869-ல் சூயெஸ் கால்வாய் திறந்தது. சீனத் தேயிலை கப்பலேறி ஒடேசாவில் இறங்கிற்று. பின்னர் அதே கடல்வழியே இந்தியத் தேயிலையும், இலங்கை மலைகளில் நம் தமிழ் மக்கள் கொய்த தேயிலையும் ருஷ்யரின் கோப்பையை அடைந்தன. 1903-ல் மஞ்சூரியா வழியாக இருப்புப்பாதை முழுமையுற்றது. ஒட்டகத்துக்கும் பச்சைத் தோலுக்கும் இனி வேலையென்ன? தோல் தைத்தவரும் வண்டி ஓட்டியவரும் என்னவாயினர் என்பதை எழுத வணிகரின் வரலாற்றாசிரியர் அக்கறை கொள்ளவில்லை. அவர்களுக்கு வேறு நகரில் வேறு கடை இல்லை.

அதன்பின் எல்லைக்கு வந்தவை படைகள். 1915-ல் ருஷ்யா, சீனம், மங்கோலியா மூன்றும் கூடி இங்கே ஓர் உடன்படிக்கை செய்தன. ருஷ்ய உள்நாட்டுப் போரில், 1919-ம் ஆண்டின் இறுதியையொட்டிய குளிர்காலத்தில், கோட்டையூர்ச் சிறையிலிருந்தோர் பலரைச் செமியோனொவ் படையினர் கொன்று குவித்தனர். 1921 மார்ச்சு முதல் வாரத்தில் மங்கோலியப் புரட்சியாளர் கியாக்தாவிற் கூடித் தம் கட்சியை முறைப்படுத்தினர். அதே மாதம் 18-ம் நாள் சுக்பாத்தரின் படை மைமைச்செங்கிலிருந்த சீனப் படையை விரட்டிற்று. வாங்கி விற்கும் ஊர் தீக்கிரையாயிற்று. ஏறக்குறைய இருநூறாண்டுகளாகக் காலையில் திறந்து மாலையில் அடைத்த வாயிலின் மறுபக்கத்தில் ஊரே இல்லாது போயிற்று. அவ்வெல்லையில் இப்பொழுது உள்ளது ஆல்தன்புலாக் என்னும் மங்கோலிய ஊர்.

1934-ல் கோட்டையூர் தன் நீண்ட பெயரை இழந்து, கீழூரின் பெயராகிய கியாக்தாவையே ஏற்றது. இருபதாயிரத்தை ஒட்டிய மக்கள் இன்று அங்கு வாழ்கின்றனர். உலான்-ஊதேயிலிருந்து மங்கோலியாவுக்குச் செல்லும் இருப்புப்பாதை அயலிலுள்ள நௌஷ்கியின் வழியே போடப்பட்டது. 1949-ல் அது உலான்-பத்தோரை எட்டியது. 1956 முதல் பீக்கிங் வரை வண்டி ஓடுகிறது. தேயிலைக் காலத்தில் எவரும் ஒதுக்க முடியாதிருந்த ஊரை அது ஒதுக்கிச் செல்கிறது. சாலை மட்டும் பழைய வழியையே பற்றி நிற்கின்றது. பொருட்காட்சிசாலை, புவியியல் அறிஞர் ஒப்ருச்செவின் பெயரோடு இன்றும் நடக்கிறது. உயிர்த்தெழுதற் கோயில் சோவியத் காலத்தில் தன் வெள்ளியையும் படிகத்தையும் இழந்தது, சுவர்கள் நின்றன. எல்லையைக் கடக்கும் வண்டிகள் சோதனைக்குக் காத்து நிற்கும் இடம் அதற்கு மிக அருகிலேயே உள்ளது.